பிறைக்காகச் சண்டை பிடிக்கும் நாம், சந்திரனைப் படிப்பது எப்போது?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். குறிப்பாகப் பெற்றோரும், பள்ளிவாசல் நிர்வாகிகளும், மத்ரஸா நடத்துபவர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

வருடத்தில் இரண்டு இரவுகள் எமது ஊர்களில் எல்லோரும் சந்திரனைப் பற்றித்தான் கதைக்கிறோம். ஒன்று நோன்புக்கான தலைப்பிறை, மற்றது பெருநாளைக்கான தலைப்பிறை. அந்த இரண்டு இரவுகளிலும் வட்ஸ்அப் குழுமங்கள் கொதிக்கும். எங்கோ, எப்போதோ எடுத்த பிறைப் படம் "இப்போதுதான் கண்டது" என்று சுற்றும். ஒரு குரல் பதிவு வரும், அதை மறுத்து இன்னொரு குரல் பதிவு வரும். ஒரே வீட்டில் வாப்பா நோன்பும் மகன் பெருநாளுமாக இருந்த வருடங்களையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தக் காலையில் உம்மா யாருக்குச் சாப்பாடு பரிமாறுவது என்று தெரியாமல் நிற்பதையும் கண்டிருக்கிறோம்.

மீதி 350 இரவுகளும் சந்திரன் எமது கூரைக்கு மேலாகத்தான் போகிறது. யாரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை.

எந்த ஜமாஅத் சரி, எந்த ஜமாஅத் பிழை என்று எழுதுவது எமது நோக்கமல்ல. உள்நாட்டுப் பிறையா, சர்வதேசப் பிறையா என்பது மார்க்கத் தீர்ப்பு. அது உலமாக்களின் பொறுப்பு. நாம் பாடசாலையில் படிப்பிப்பவர்கள். நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: சந்திரன் எங்கே இருக்கிறது, எப்படிச் சுற்றுகிறது என்ற அடிப்படை அறிவை இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காவிட்டால், இந்தச் சண்டையை அப்படியே அவர்களுக்குச் சொத்தாக எழுதி வைத்துவிட்டுப் போகப்போகிறோம். அந்த அறிவைக் கொடுப்பதற்கு இப்போது பணம் தேவையில்லை. ஒரு பழைய கணினி போதும்.

திரையில் ஒரு சந்திரன்

கூகுள் ஏர்த் என்றால் பலருக்கும் தெரியும். தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிப் பார்க்காத பிள்ளை இல்லை. ஆனால் அதே மென்பொருளுக்குள் முழுச் சந்திரனும் இருப்பது பலருக்குத் தெரியாது. மனிதன் சந்திரனில் கால் வைத்து 40 வருடம் நிறைந்த 2009 ஜூலை 20ஆம் திகதி அதை வெளியிட்டார்கள். கூகுள் ஏர்த் புரோ 2015 முதல் இலவசம். கணினியில் நிறுவும் அந்தப் பதிப்பின் மேல் வரிசையில், வளையம் போட்ட சனிக்கிரகம் போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தி "சந்திரன்" என்பதைத் தெரிவு செய்தால், நீல உருண்டை மறைந்து சாம்பல் நிற உருண்டை வரும். போனில் உள்ள கூகுள் ஏர்த்தில் இந்த வசதி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

மவுஸால் உருட்டினால் சந்திரனின் பின்பக்கமும் வரும். பிள்ளைகள் முதலில் வியப்பது இதில்தான். நாம் பூமியிலிருந்து எப்போதும் ஒரே முகத்தைத்தான் பார்க்கிறோம். சந்திரன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும், பூமியை ஒருமுறை சுற்றும் நேரமும் ஒன்றாக இருப்பதே காரணம். மெல்லிய ஆட்டம் ஒன்று இருப்பதால், காலப்போக்கில் மொத்தப் பரப்பில் 59 வீதம் வரை எம் கண்ணுக்குப் படும். மிச்சத்தை மனிதக் கண் 1968 டிசம்பரில் அப்பலோ 8 சந்திரனைச் சுற்றிய போதுதான் நேரில் கண்டது. இன்று ஆறாம் தரத்துப் பிள்ளை அதை விரலால் உருட்டிப் பார்க்கிறது.

அமைதிக் கடலில் அப்பலோ 11 இறங்கிய இடத்துக்குப் போகலாம். சந்திரயான் 3 இறங்கிய தென்முனைப் பக்கத்துக்கும், சீனாவின் சாங்-இ 4 இறங்கிய பின்பக்கத்துக்கும் போகலாம். அளவுகோல் கருவியை எடுத்து ஒரு கிண்ணக்குழியின் அகலத்தை அளக்கலாம். "சேர், இந்தக் குழிக்குள்ள எங்கட மாவட்டமே போகும்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அந்தப் பிள்ளை புவியியலும் கணிதமும் ஒன்றாகப் படித்துவிட்டது.

அந்தக் குழிகளுக்கு யாருடைய பெயர்?

இதை எமது பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். பூமிக்குத் தெரியும் பக்கத்தின் நடுப்பகுதிக்குப் போங்கள். தொலமி, அல்ஃபோன்சஸ், அர்ஸாகெல் என்று மூன்று பெரிய குழிகள் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக இருக்கும். அர்ஸாகெல் என்பது யார்? அந்தலூஸில் வாழ்ந்த வானியலாளர் அஸ்ஸர்காலி. சற்றுக் கிழக்கே அல்பதெக்னியஸ் என்று ஏறத்தாழ 130 கிலோமீற்றர் அகலமான குழி இருக்கிறது. அது அல்பத்தானி. ஆண்டின் நீளத்தை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு கணக்கிட்டவர். இன்னும் தேடினால் அல்ஃபர்கானி, அஸ்ஸூஃபி, அபுல் ஃபிதா, நஸீருத்தீன் தூஸி, உலூக் பேக் என்று வந்துகொண்டே இருக்கும். கிழக்கு ஓரத்தில் அல்ஹஸன் என்று இருப்பது இப்னுல் ஹைஸம். பின்பக்கம் போனால் இப்னு ஸீனாவும் அல்குவாரிஸ்மியும் இருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களில் பலவற்றை 1651இல் வைத்தவர் ரிச்சியோலி. அவர் இத்தாலியில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். எமது அறிஞர்களை அவர் தம் சந்திர வரைபடத்தில் எழுதி வைத்தார். நாம் எமது பாடசாலைச் சுவரில்கூட எழுதி வைக்கவில்லை.

இன்னொரு பெயரைத் தேடிப் பாருங்கள்: இப்னு பதூதா. சந்திரனின் வளக் கடலில் ஒரு சிறிய குழி அவர் பெயரில் இருக்கிறது. 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்கு ஏறிய அதே இப்னு பதூதாதான். எமது மண்ணில் நடந்த ஒரு மனிதரின் பெயர் சந்திரனில் இருக்கிறது என்று சொன்னால், கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

பெருமை பேசுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த மனிதர்களில் பெரும்பாலானோர் இரவிரவாக வானத்தைப் பார்த்து, அளந்து, எழுதி வைத்தவர்கள். பிறையைச் சரியாக எதிர்பார்ப்பதற்காகவும், தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் கணிப்பதற்காகவும் பலர் உழைத்தார்கள். அவர்களின் வாரிசுகள் என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். வாரிசுக்குச் சொத்து எங்கே இருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா?

சுற்றுப்பாதையைக் காட்டினால் பாதிச் சண்டை தீரும்

கூகுள் ஏர்த் சந்திரனின் நிலத்தைக் காட்டும். அதன் ஓட்டத்தைக் காட்டாது. அதற்கு இன்னும் இரண்டு இலவச மென்பொருட்கள் இருக்கின்றன: செலஸ்டியா, ஸ்டெல்லேரியம். இரண்டையும் ஒருமுறை தரவிறக்கினால் போதும். பிறகு இணையம் தேவையில்லை. பென்ட்ரைவில் பாடசாலைக்குப் பாடசாலை கொண்டு போகலாம். டேட்டா இல்லாத ஊர்களுக்கு இது பெரிய நிஃமத்.

செலஸ்டியாவில் நாம் பூமியை விட்டு வெளியே போய் நின்று பார்க்கலாம். முதலில் பிள்ளைகளுக்குத் தூரம் புரியும். புத்தகப் படத்தில் பூமிக்குப் பக்கத்திலேயே சந்திரனை வரைந்திருப்பார்கள். உண்மையில் சராசரித் தூரம் 384,400 கிலோமீற்றர். பூமியைப் போல 30 பூமிகளை இடையில் வரிசையாக அடுக்கலாம். வலைப்பந்து ஒன்றைப் பூமி என்று வைத்தால், டெனிஸ் பந்து அளவான சந்திரனை ஆறரை மீற்றருக்கு அப்பால், வகுப்பறையின் மறுகோடியில் வைக்க வேண்டும்.

பிறகு நேரத்தை வேகமாக ஓட விடுங்கள். எல் எழுத்தை ஐந்து தடவை அழுத்தினால் ஒரு இலட்சம் மடங்கு வேகம். ஒரு மாதம் 25 வினாடியில் முடிந்துவிடும். சந்திரன் பூமியைச் சுற்றி வருவது கண்ணுக்கு முன் நடக்கும். நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் ஒரு சுற்றுக்கு 27.3 நாள். ஆனால் அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சத் தூரம் போய்விடுகிறது. அதனால் சந்திரன் மீண்டும் சூரியன் பக்கம் வந்து சேர இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று மேல் எடுக்கிறது. மொத்தம் சராசரியாக 29.5 நாள். எமது மாதம் 29ஆகவோ 30ஆகவோ இருப்பதற்கும், ஒருபோதும் 28ஆகவோ 31ஆகவோ வராததற்கும் இதுதான் காரணம்.

அந்தப் பாதை சரியான வட்டமும் அல்ல. கிட்ட வரும்போது ஏறத்தாழ 363,000 கிலோமீற்றர், தூரப் போகும்போது 405,000. கிட்ட வரும்போது வேகம் கூடும், தூரப் போனால் குறையும். பாதை 5 பாகை சரிந்தும் இருக்கிறது. அதனால்தான் மாதா மாதம் கிரகணம் வருவதில்லை. 2010 ஜனவரி 15இல் யாழ்ப்பாணத்தில் சூரியன் மோதிரம்போலத் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் திகதியைக் கணினியில் கொடுத்துப் பாருங்கள். சந்திரன் பூமியிலிருந்து தூரத்தில் இருந்தபடியால் அதனால் சூரியனை முழுதாக மறைக்க முடியவில்லை.

"பிறை பெரிதாக இருக்கிறது, நேற்றே பிறந்துவிட்டது"

இப்போது சண்டைக்கு வருவோம். பெருநாளுக்கு அடுத்தடுத்த மாலைகளில் எமது சந்திகளில் கேட்கும் வசனம் இது. "பார், எவ்வளவு பெரிய பிறை. இது முதல் பிறையா? நேற்றைய பெருநாளை எங்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள்." எத்தனை மனங்கள் இந்த ஒரு வசனத்தால் உடைந்திருக்கின்றன!

ஸ்டெல்லேரியத்தைத் திறந்து பத்து நிமிடத்தில் இதற்கு விடை காட்டலாம். அமாவாசைக் கணம், அதாவது சந்திரன் சூரியனைக் கடக்கும் கணம், ஒவ்வொரு மாதமும் வேறுவேறு நேரத்தில் வரும். அதிலிருந்து சந்திரன் சூரியனை விட்டு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12 பாகை விலகுகிறது. ஒரு மாதத்தில் அந்தக் கணம் ஞாயிறு இரவு 9 மணிக்கு என்று வையுங்கள். திங்கள் மஃரிபில் பிறையின் வயது 21 மணித்தியாலம். விலகல் பத்தரைப் பாகையளவு. வானம் தெளிவாக இருந்து, பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால், நூலிழைபோல ஒரு பிறையைக் காணலாம்.

இன்னொரு மாதத்தில் அந்தக் கணம் திங்கள் காலை 7 மணிக்கு என்று வையுங்கள். அன்று மஃரிபில் வயது 11 மணித்தியாலம்தான். விலகல் 6 பாகைக்கும் குறைவு. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே பிறையின் ஒளியே தெரியாது என்று பிரான்ஸ் வானியலாளர் டான்ஜோன் கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அன்று யாருக்கும் தெரியாது. அடுத்த நாள், செவ்வாய் மஃரிபில், அதற்கு 35 மணித்தியால வயது. நல்ல தடிப்பாக, உயரமாக, மஃரிபுக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் வானத்தில் இருக்கும்.

திங்களில் கண்ட 21 மணித்தியாலப் பிறையும் தலைப்பிறைதான். செவ்வாயில் கண்ட 35 மணித்தியாலப் பிறையும் தலைப்பிறைதான். பிறை பெரிதாக இருப்பது முந்திய நாள் அது தெரிந்திருக்கும் என்பதற்கு ஆதாரமே அல்ல. இதை ஒரு பிள்ளை பத்து வயதில் திரையில் பார்த்துவிட்டால், நாற்பது வயதில் சந்தியில் நின்று சண்டை பிடிக்காது.

"மக்காவில் தெரிந்த பிறை எங்களுக்கு ஏன் தெரியவில்லை?" என்பது அடுத்த கேள்வி. மக்கா எமக்கு மேற்கே ஏறத்தாழ 40 பாகை தள்ளி இருக்கிறது. எமக்குச் சூரியன் மறைந்து சுமார் இரண்டே முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் அங்கே மறையும். அதற்குள் சந்திரன் இன்னும் ஒரு பாகைக்கு மேல் விலகியிருக்கும். மேற்கே போகப் போகப் பிறை தெரியும் வாய்ப்புக் கூடும். இது எவருடைய சூழ்ச்சியும் அல்ல, சந்திரனின் ஓட்டம். அங்கே கண்ட பிறையை இங்கே ஏற்பதா இல்லையா என்பது வேறு கேள்வி. அதை உலமாக்கள் பேசட்டும். ஆனால் இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்ல வேண்டாம்.

திரையில் தெரிவது வேறு, வானத்தில் தெரிவது வேறு

இந்த மென்பொருட்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிலர் போனில் ஒரு செயலியைத் திறந்து, "இதோ, பிறை காட்டுகிறது. ஏன் அறிவிக்கவில்லை?" என்று பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்கிறார்கள். கணினி சந்திரன் இருக்கும் இடத்தைக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத சந்திரனையும் அழகாக வரைந்து காட்டும். அந்தி வெளிச்சம், தூசு, கடல் மேல் படியும் ஈர மூட்டம், மேற்கில் குவியும் மேகம் எதுவும் அதற்குத் தெரியாது. திரையில் பிறை இருப்பதை வைத்து வானத்தில் கண்டதாகச் சொல்ல முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்துவிட்டது என்று மென்பொருள் காட்டும் நாளில், மஃரிபுக்குப் பிறகு ஒருவர் "கண்டேன்" என்றால், அவர் வேறொன்றைக் கண்டிருக்கிறார். வெள்ளிக் கோளாக இருக்கலாம், விமானம் விட்டுச் சென்ற புகைக் கோடாக இருக்கலாம், மேகத்தின் ஓரமாக இருக்கலாம். அவரைப் பொய்யர் என்று ஏசத் தேவையில்லை. அன்போடு உட்கார வைத்து, எந்தத் திசையில், எந்த உயரத்தில், கொம்பு எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்று கேட்கலாம். அதேபோல, பிறை இலகுவாகத் தெரியக்கூடிய நாளில் ஒரு சின்ன ஊரிலிருந்து செய்தி வந்தால், "அந்த ஊரார் எப்போதும் இப்படித்தான்" என்று தள்ளிவிடவும் கூடாது. அறிவு இருந்தால் இரண்டு பக்கமும் நீதி செய்யலாம். அறிவு இல்லாத இடத்தில் ஊர்ப் பெருமையும் ஜமாஅத் பெருமையும்தான் தீர்ப்புச் சொல்லும்.

எங்கே பார்ப்பது என்றே தெரியாமல்

பிறை பார்க்க வரும் பிள்ளைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் கிப்லாத் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேற்கும் கிப்லாவும் ஒன்று என்று நினைப்பு. எமது நாட்டில் கிப்லா நேர் மேற்கல்ல, மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 24 பாகை சரிந்தது. ஜூன் மாதத்தில் சூரியன் மறைவதும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். டிசம்பரில் சூரியன் தென்மேற்காக மறையும். அப்போது கிப்லாவைப் பார்த்து நிற்பவர், 45 பாகைக்கும் மேல் இடப்புறமாகத் திரும்பினால்தான் பிறையின் பக்கம் பார்க்கிறார்.

பெருநாள் வாழ்த்து அட்டையில் உள்ள பிறை நிமிர்ந்து நிற்கும். எமது நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், இங்கே தலைப்பிறை பெரும்பாலும் தோணிபோலச் சாய்ந்து கிடக்கும். பிள்ளை அட்டையில் பார்த்த வடிவத்தை வானத்தில் தேடும். ஸ்டெல்லேரியத்தில் எமது ஊரின் பெயரைக் கொடுத்து, அன்றைய மாலையை ஓட்டிப் பார்த்தால், எந்தத் திசை, எந்த உயரம், என்ன சாய்வு என்று மூன்றும் கிடைத்துவிடும்.

ஊருக்கு ஊர் நிலமும் வேறு. கற்பிட்டி, புத்தளம், பேருவளை போன்ற ஊர்களுக்கு மேற்கே நீர் திறந்து கிடக்கிறது. காத்தான்குடிக்கு மேற்கே வாவி. கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் மேற்கே வயல்வெளி. மலையகத்தில் மேற்கே மலை மறைக்கும் ஊர்கள் பல. காத்தான்குடியில் சூரியன் மறைந்து ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் புத்தளத்தில் மறைகிறது. எங்கள் ஊரில் மேற்கு அடிவானம் எங்கே நன்றாகத் தெரியும் என்பதை வருடம் முழுவதும் பார்த்து வைத்திருந்தால்தானே, அந்த ஒரு நாளில் சரியான இடத்தில் நிற்கலாம்?

வதந்திக்கும் இதுதான் மருந்து

சந்திரனில் நீண்ட வெடிப்பு ஒன்று இருப்பதாகவும், அது சந்திரன் பிளந்த அடையாளம் என்று நாசா ஒப்புக்கொண்டதாகவும் ஒரு படம் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அந்த இடத்தின் பெயர் ரீமா அரியடேயஸ். கூகுள் ஏர்த்தில் போய் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளம். சந்திரனின் சுற்றளவு ஏறத்தாழ 10,900 கிலோமீற்றர். அது சந்திரனைச் சுற்றி ஓடவில்லை. நிலம் தாழ்ந்ததால் உண்டான பள்ளத்தாக்கு அது. எமது ஈமானுக்கு அந்தப் படத்தின் துணை தேவையில்லை. முஃஜிஸாவை நாம் நம்புவது நாசா சொல்லியல்ல.

ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் பாங்கு கேட்டு இஸ்லாத்தை ஏற்றார் என்ற கதையும் அப்படித்தான். சந்திரனில் ஒலியைச் சுமக்கக் காற்றே இல்லை. அவரும் அதை மறுத்தார், 1983இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமும் தன் தூதரகங்களுக்கு அந்த மறுப்பை எழுதி அனுப்பியது. உண்மையான மார்க்கத்துக்குப் பொய்யான சாட்சி எதற்கு? தானாகத் தேடி, அளந்து, சரிபார்க்கப் பழகிய பிள்ளை எந்தச் செய்தியையும் கண்ணை மூடிக்கொண்டு முன்னனுப்பாது. அந்தப் பழக்கம் சந்திரனோடு நிற்காது. எமது சமூகத்துக்கு அது எவ்வளவு தேவை என்பது உங்களுக்கே தெரியும்.

சொல்லப்படும் மறுப்புகள்

"இது பரீட்சைக்கு வராது" என்பார்கள். சூரியத் தொகுதியும், கிரகணமும், அகலாங்கு நெட்டாங்கும், கோணமும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஒரு கணினியில் அவை எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டுகிறோம்.

"கணக்கை வைத்துப் பிறையைத் தீர்மானிக்கப் பார்க்கிறீர்கள்" என்பார்கள். இல்லை. தொழுகை நேரக் கலண்டரைச் சுவரில் மாட்டியதால் தொழுகை மாறிவிட்டதா? எங்கே பார்ப்பது என்று தெரிந்து போய்ப் பார்ப்பவரும் கண்ணால்தான் பார்க்கிறார்.

"பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்" என்பார்கள். போன் ஏற்கனவே அந்தக் கையில்தான் இருக்கிறது. அதில் எதைத் திறப்பது என்பதைத்தான் நாம் தீர்மானிக்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போவது ஆண்களின் வேலை என்று ஆகிவிட்டது. எமது வகுப்புகளில் கூர்மையான கண்ணும் பொறுமையும் உள்ளவர்கள் பெரும்பாலும் மாணவிகள்தான். பாடசாலை முற்றத்திலிருந்தும், வீட்டு மேல்மாடியிலிருந்தும் மேற்கைப் பார்க்கலாம். நாளை தன் பிள்ளைக்கு முதல் பிறையைக் காட்டப்போவது உம்மாதானே.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஹிஜ்ரி மாதமும் 29ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். றமழானும் ஷவ்வாலும் மட்டுமல்ல, பன்னிரண்டு மாதமும். அன்று காலை வகுப்பில் ஸ்டெல்லேரியத்தைத் திறந்து நான்கு விடயங்களைக் கரும்பலகையில் எழுதுவோம்: சூரியன் மறையும் நேரம், சந்திரன் மறையும் நேரம், பிறையின் வயது, பார்க்க வேண்டிய திசை. பிள்ளைகள் தாங்களே சொல்லட்டும், இன்று தெரியுமா, தெரியாதா, சந்தேகமா என்று. மாலையில் வீட்டிலிருந்தோ மைதானத்திலிருந்தோ பார்க்கட்டும். அடுத்த நாள் ஒரு கொப்பியில் எழுதட்டும். "காணவில்லை" என்று எழுதுவதும் ஒரு அவதானிப்புத்தான். மேகம் இருந்தால் மேகம் என்று எழுத வேண்டும். ஆசைப்பட்டதை அல்ல, கண்டதை எழுதப் பழக வேண்டும். சாட்சி சொல்வதற்கான முதல் பயிற்சி அதுதான்.

மாத நடுவில் போயா விடுமுறை வரும். அய்யாமுல் பீழ் நோன்பு நாட்களும் அதை ஒட்டியே வரும். நாம் 13, 14, 15 என்று எண்ணுவதும், பௌத்த சகோதரர்கள் போயா என்பதும், தமிழ்ச் சகோதரர்கள் பௌர்ணமி என்பதும் அதே சந்திரனைத்தான். எமது நாட்காட்டி சரியாகப் போகிறதா என்று பார்க்க அதைவிட இலகுவான வழி இல்லை. கிழக்குக் கரையில் இருப்பவர்கள் அன்று மாலை கடலிலிருந்து எழும் முழுநிலவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடிவானத்தில் அது ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கேளுங்கள். பெரிதாவது சந்திரன் அல்ல, எமது மனம் அப்படி எடுத்துக்கொள்கிறது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே விளக்கியவர் இப்னுல் ஹைஸம். பிறகு திரையில் அவருடைய குழியைத் தேடிக் காட்டுங்கள்.

பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் பாடசாலையோடு கைகோர்த்தால் இன்னும் நல்லது. மௌலவிமார் பிறையின் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும், விஞ்ஞான ஆசிரியர் பிறையின் ஓட்டத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வகுப்புக்குப் படிப்பித்தால், பிள்ளைகள் மார்க்கமும் அறிவும் எதிரிகள் என்று நினைக்க மாட்டார்கள். புரொஜெக்டர் இருக்கும் பள்ளிவாசல்கள் பல. மாதத்தில் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அரை மணித்தியாலம் கொடுத்தால் போதும்.

ஒரு வருடம் இப்படிச் செய்தால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 12 மாத அவதானிப்பு இருக்கும். அடுத்த தலைப்பிறை இரவில், குரல் பதிவுக்காகக் காத்திருக்காமல், "இன்று 21 மணித்தியாலம், சூரியன் மறைந்த இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம், மேகம் இல்லாவிட்டால் தெரியலாம்" என்று சொல்லும் பிள்ளைகள் எமது ஊரில் இருப்பார்கள். அவர்களின் வாப்பாமார் எந்த ஜமாஅத்தாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகள் ஒன்றாக நின்று ஒரே திசையைப் பார்ப்பார்கள்.

மூன்று மென்பொருட்களையும் தரவிறக்கிப் பென்ட்ரைவில் போட்டு வைத்திருக்கிறோம். தேவையான பாடசாலை, மத்ரஸா ஆசிரியர்கள் உட்பெட்டியில் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம். நிறுவத் தெரியாவிட்டால் வந்து நிறுவியும் தருகிறோம். உங்கள் ஊரில் மேற்கு அடிவானம் நன்றாகத் தெரியும் இடம் எது என்று கீழே எழுதுங்கள். வரும் 29ஆம் நாளுக்கு முன் ஒரு பட்டியல் தயாரித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.